அம்மா சைக்கிளை விடவில்லை!



சென்ற இதழில் கைக்குழந்தைகளுக்குச் சத்துமாவு அரைக்கும் பக்குவம் பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை அடுப்படியை விட்டுக் கொஞ்சம் வெளியே வருவோம். எங்கள் அம்மாவைப் பற்றியும், அவளுடைய சைக்கிளைப் பற்றியும், தாளம் தப்பித் துடிக்க ஆரம்பித்த அவள் இதயத்தைப் பற்றியும் சொல்லப் போகிறேன். நடுவில் நான் செய்த ஒரு தப்பும் வரும். அதை மறைக்காமல் சொன்னால்தான் உங்களுக்குப் பிரயோஜனப்படும்.

எங்களுக்குப் புதுக்கோட்டை ஜில்லாவில் ஒரு கிராமம். அம்மா பால்வாடியில் ஆயாவாக இருந்தவள். 1991-92இல் எங்கள் ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். படிக்காத பெண்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்ததோடு நிற்காமல், சைக்கிள் விடவும் கற்றுக் கொடுத்தார்கள். 1992 மார்ச் 8, மகளிர் தினத்தன்று, 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் சைக்கிளில் வந்தார்கள். ஊரே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. அந்தக் கூட்டத்தில் எங்கள் அம்மாவும் ஒருத்தி!

அப்போது அவளுக்கு 32 வயது, எனக்குப் பதினொன்று. பள்ளிக்கூட மைதானத்தில் பொழுது மங்கிய பிறகுதான் பழகுவாள். ஆம்பிளைகள் பார்த்தால் சிரிப்பார்களே! லேடீஸ் சைக்கிள் கிடைப்பது அரிது. அப்பாவின் பார் வைத்த பெரிய சைக்கிள்தான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மா மிதிக்க, கேரியரைப் பிடித்தபடி பின்னால் ஓடுகிற வேலை எனக்கு. “விட்டுடாதடி, விட்டுடாதடி” என்று கத்திக்கொண்டே மிதிப்பாள். ஒரு நாள் மூச்சு வாங்கி நான் விட்டுவிட்டேன். அவள் பாட்டுக்கு மைதானத்தைச் சுற்றி வந்துவிட்டாள்!

அன்று முதல் அம்மா யாரையும் எதிர்பார்த்து நின்றதில்லை. பாரில் தம்பி, கேரியரில் ரேஷன் அரிசி, ஹாண்டில்பாரில் இரண்டு பக்கமும் தண்ணீர்க் குடம் என்று எல்லாம் அந்தச் சைக்கிளில்தான். அப்பா காலமான பிறகும், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், வாரத்தில் ஐந்தாறு நாள் தைலமரக் காட்டு ரோட்டில் சந்தைக்கும் கோயிலுக்கும் போய் வந்துகொண்டிருந்தாள். போக ஏழு கிலோமீட்டர், வர ஏழு.

மீன் துள்ளிய மாதிரி

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பி.பி. பார்ப்பார்கள் அல்லவா? அப்படி வந்த பெண் அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றினாள். மிஷினில் இதயப் படம் ஒன்று மினுக் மினுக்கென்று வந்தது. “அசையாம உட்காருங்கம்மா, இன்னொரு தடவை பார்ப்போம்” என்றாள். மறுபடியும் அதே படம். மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, “துடிப்பு ஒரு சீரா இல்லையே, உடனே ஆஸ்பத்திரியில ஈ.சி.ஜி. எடுத்துடுங்க” என்று சீட்டு எழுதித் தந்தாள்.

அதற்குப் பிறகுதான் அம்மா வாயைத் திறந்தாள். “ஒரு மாசமாவே நெஞ்சுக்குள்ள கெண்டை மீன் துள்ளுற மாதிரி இருக்குடி. மேட்டுல மிதிச்சா மூச்சு வாங்குது. வயசாச்சுன்னு விட்டுட்டேன்.”

நம் வீட்டுப் பெண்கள் எல்லாருமே இப்படித்தான். பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தால் டாக்டரிடம் ஓடுவோம். நமக்கு நெஞ்சுக்குள் மீனே துள்ளினாலும் சோறு வடித்து முடித்த பிறகுதான் யோசிப்போம்!

ஈ.சி.ஜி. பார்த்த டாக்டரம்மா அதற்கு ‘ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன்’ என்று பெயர் சொன்னார். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். கும்மியடிக்கும்போது ஒருத்தி தாளம் எடுத்துக் கொடுப்பாள். மற்றவர்கள் அதற்குக் கை தட்டுவார்கள். இதயத்தின் வலது மேலறையில் அப்படித் தாளம் எடுத்துக் கொடுக்கிற இடம் ஒன்று இருக்கிறது. சும்மா இருக்கும்போது அது நிமிஷத்துக்கு 60இலிருந்து 100க்குள் தட்டும். இந்த நோயில் மேலறைகள் இரண்டிலும் ஆளாளுக்குத் தாளம் போடுகிறார்கள். மேலறைகள் நிமிஷத்துக்கு 300 தடவைக்கு மேல் வெறுமனே நடுங்குகின்றன. அதில் ஏதோ சில மட்டும் தாறுமாறாகக் கீழறைகளுக்கு வந்து சேருவதால் நாடி ஒழுங்கில்லாமல் அடிக்கிறது.

இதில் பயம் துடிப்பு தப்புவது மட்டும் இல்லையாம். நடுங்குகிற மேலறையில் ரத்தம் சரியாக நகராது. அசையாமல் வைத்த பால் உறைகிற மாதிரி, இடது மேலறையின் ஓரத்தில் உள்ள சின்னப் பையில் ரத்தம் உறைந்து கட்டியாகலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்துக்கொண்டால் பக்கவாதம்! இந்த நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வருகிற அபாயம் மற்றவர்களை விட ஐந்து மடங்கு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் அந்த அபாயத்தில் மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிடும் என்றார்.

எக்கோ எடுத்தார்கள், தைராய்டு பார்த்தார்கள். சின்ன வயதில் வருகிற ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டுப் போயும் நம் நாட்டில் பலருக்கு இது வருகிறது. அம்மாவுக்கு வால்வு நன்றாக இருந்தது, தைராய்டும் சரி. வருஷக்கணக்காக இருந்த பி.பி.யும் வயசும்தான் காரணம் என்றார்கள். ரத்தம் உறையாமலிருக்க அபிக்சபான் மாத்திரை இரண்டு வேளை, துடிப்பின் வேகத்தைக் குறைக்க ஒரு மாத்திரை, பி.பி.க்கு முன்பிருந்தே சாப்பிடுகிற மாத்திரை. இவ்வளவுதான் வைத்தியம்.

சாவி என் பையில்

இனிமேல் வருவதுதான் என் தப்பு. வீட்டுக்கு வந்ததும் தம்பி, “அம்மா, இனிமே நீ சைக்கிளைத் தொடக் கூடாது. ரோட்டுல விழுந்து கிடந்தா யாரு பாக்குறது?” என்றான். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் பக்கம் பேசுவேன் என்று நினைத்திருப்பாள். நான் பேசவில்லை. சைக்கிளைப் பூட்டிச் சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டு திருச்சிக்கு வந்துவிட்டேன். மனசில் பெரிய நிம்மதி! அம்மாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைப்பு.

மூன்று மாசம் போயிற்று. போன் பண்ணினால் “ம்”, “சரி” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சந்தைக்குப் பேரனிடம் பணம் கொடுத்து அனுப்பினாள். கோயிலுக்குப் போவது நின்றது. நாள் முழுக்க டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பதாகத் தம்பி மனைவி சொன்னாள். ராத்திரி தூக்கம் இல்லை. அடுத்த முறை டாக்டரிடம் கூட்டிப் போனபோது எடை நாலு கிலோ ஏறியிருந்தது, பி.பி.யும் ஏறியிருந்தது.

“நடக்கிறீங்களாம்மா?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“நான் நடக்கிறவ இல்ல டாக்டரம்மா, சைக்கிள்ல போறவ. சாவி இவ பையில இருக்கு” என்று என்னைக் காட்டினாள் அம்மா.

“சைக்கிள் விடக் கூடாதுன்னு யார் சொன்னது?”

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. யாருமே சொல்லவில்லை! நாங்கள் கேட்கவும் இல்லை. நாங்களாகவே பயந்தோம், நாங்களாகவே பூட்டினோம். டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. “பயம் நியாயம்தான். ஆனா உட்கார வச்சா இந்த நோய்க்குத் தீனி போடுற மாதிரி. எடை ஏறும், பி.பி. ஏறும், துடிப்பு இன்னும் கெடும்” என்றார்.

ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்து டாக்டர்கள் 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். அதிக எடையோடு இந்தத் தொந்தரவும் இருந்தவர்களில், உடம்பின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தவர்களுக்குத் துடிப்பு சீராக இருக்கிற வாய்ப்பு மற்றவர்களை விட ஆறு மடங்கு அதிகமாக இருந்ததாம்.

அதற்காக வெறியோடு மிதிப்பதும் கூடாது. சுவீடன் நாட்டில் வாசலோப்பெட் என்று 90 கிலோமீட்டர் பனிச்சறுக்கு ஓட்டப் பந்தயம் நடக்கிறது. அதில் கலந்துகொண்ட 52,000 பேருக்கு மேல் கணக்கெடுத்து 2013இல் வெளியிட்டார்கள். அதிகத் தடவை ஓடி முடித்தவர்களுக்கும், வேகமாக ஓடி முடித்தவர்களுக்கும் இந்தத் துடிப்புத் தொந்தரவு கூடுதலாக வந்திருந்தது. “சாப்பாட்டுல உப்பு மாதிரிதான் உடற்பயிற்சியும். இல்லாமலும் ஆகாது, அள்ளிப் போட்டாலும் ஆகாது” என்றார் டாக்டரம்மா. அம்மாவுக்கு அது சட்டென்று பிடிபட்டது.

மறுபடியும் மிதித்தாள்

அம்மாவுக்கு நாடித்துடிப்பின் வேகம் கட்டுக்குள் வந்திருந்தது, மயக்கம் வந்ததில்லை, எக்கோ நன்றாக இருந்தது. இவற்றைப் பார்த்த பிறகுதான் டாக்டரம்மா சம்மதித்தார். இதை நன்றாகக் கவனியுங்கள். இதயத் துடிப்பு தப்புவதில் பல வகை உண்டு. சும்மா ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வருவது பெரும்பாலும் கெடுதலில்லாதது. ஓடும்போதோ மிதிக்கும்போதோ மயங்கி விழ வைக்கிற ஆபத்தான வகைகளும் இருக்கின்றன. ஆகவே எங்கள் அம்மாவுக்குச் சொன்னதை அப்படியே உங்கள் வீட்டில் செய்துவிடாதீர்கள். முதலில் என்ன வகை என்று டாக்டர் சொல்லட்டும்.

முதல் வாரம் தெருவில் பத்து நிமிஷ நடை. அடுத்த வாரம் சமதரையில் பத்து நிமிஷம் சைக்கிள். பிறகு வாரத்துக்கு ஐந்து ஐந்து நிமிஷமாகக் கூட்டி, அரை மணி வரை கொண்டு வந்தோம். அரை மணி வீதம் ஐந்து நாள் என்றால் வாரத்துக்கு 150 நிமிஷம். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவும் அதுவே. ஏழு கிலோமீட்டர் தூரத்துச் சந்தைக்கு இப்போது பஸ்ஸில்தான் போகிறாள். சைக்கிள், கோயிலுக்கும் கண்மாய்க் கரைக்கும்.

முதல் நாள் சீட்டில் உட்கார்ந்ததும், “கால் நடுங்குதுடி” என்றாள். நான் கேரியரைப் பிடிக்கப் போனேன். “பிடிக்காதே! அன்னைக்கு நீ விட்டதுனாலதான் நான் பழகினேன்” என்று சொல்லிவிட்டுப் பெடலை அழுத்தினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குறித்து வைத்துக்கொள்ளுங்கள்

எங்கள் வீட்டுச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருப்பதை உங்களுக்கும் தருகிறேன்.

1. கிளம்பும் முன் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து நாடி பார்க்க வேண்டும். கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்தால் தெரியும். கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்குவது இவர்களுக்குச் சரிப்படாது; முழு நிமிஷம் எண்ண வேண்டும். சும்மா இருக்கும்போதே டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் ஓடினால் அன்றைக்குச் சைக்கிள் வேண்டாம்.

2. முதல் பத்து நிமிஷமும் கடைசிப் பத்து நிமிஷமும் மெதுவாக மிதிக்க வேண்டும். வேகமாக வந்து சடாரென்று நிறுத்தக் கூடாது.

3. மிதித்துக்கொண்டே பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். பேச்சு திக்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். துடிப்பைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுவோருக்கு நாடிக் கணக்கை விட இந்தப் பேச்சுக் கணக்கே நல்ல அளவுகோல்.

4. மேடு வந்தால் இறங்கித் தள்ளுவதில் மானக்கேடு எதுவும் இல்லை. எதிர்காற்று பலமாக இருக்கிற நாளிலும் அப்படியே.

5. வெயில் ஏறும் முன் திரும்பிவிட வேண்டும். கையில் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும். உடம்பில் தண்ணீர் குறைந்தாலும் துடிப்பு தப்பும்.

6. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை ஒரு வேளை கூட விடக் கூடாது. ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று தானாக நிறுத்தவே கூடாது. வால்வு கோளாறு உள்ள சிலருக்கு வார்ஃபரின் என்ற பழைய மாத்திரைதான் கொடுப்பார்கள். அவர்கள் சொன்ன நாளில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வதோடு, கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது.

7. இந்த மாத்திரை சாப்பிடுபவர்கள் கால் வலி, மூட்டு வலி என்று கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது. ரத்தக்கசிவு வரும். நாட்டு மருந்தானாலும் கேட்டுவிட்டுத்தான். பல் பிடுங்கப் போனாலும் முதலில் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

8. தலையில் ஹெல்மெட் அவசியம். அம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் சிரித்தார்கள். 1992இலும் சிரித்தார்கள்தானே! விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உள்ளே ரத்தம் கசியலாம்.

9. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கண் இருட்டுவது, தலை சுற்றல் இவற்றில் ஒன்று வந்தாலும் இறங்கி உட்கார வேண்டும். அடங்கவில்லை என்றாலோ, நெஞ்சு வலி, மயக்கம் என்றாலோ காத்திருக்காமல் 108க்குப் போன் செய்யுங்கள்.

10. வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் போவது, பேச்சு குளறுவது மூன்றும் பக்கவாதத்தின் அறிகுறிகள். நீராகாரம் கொடுப்பது, தூங்க வைத்துப் பார்ப்பது எல்லாம் வேண்டாம். ஒவ்வொரு நிமிஷமும் மூளைக்கு நஷ்டம். அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஆஸ்பத்திரியில் மறக்காமல் சொல்லுங்கள்.

11. சைக்கிள் பையில் மருந்துச் சீட்டின் ஜெராக்ஸும், வீட்டு போன் நம்பரும் எப்போதும் இருக்க வேண்டும்.

ஒரு நாள் போன் வந்தது

எல்லாம் சுகமாகவே நடந்தது என்று சொல்ல மாட்டேன். போன ஐப்பசியில் ஒரு நாள் காலையில் எனக்குப் போன். டீக்கடைக்காரர் பேசினார். “அக்கா, பதறாதீங்க. அம்மா இங்க பெஞ்சில உட்கார்ந்திருக்காங்க.” எனக்கு உயிரே போய்விட்டது! அம்மா போனை வாங்கி, நிதானமாகச் சொன்னாள். “மீன் துள்ளுச்சு. இறங்கிட்டேன். நாடி எண்ணினேன், நூத்திப்பத்து. மயக்கம் இல்ல, நெஞ்சு வலி இல்ல. தம்பிக்குச் சொல்லிட்டேன், வந்துகிட்டிருக்கான்.”

தம்பி போய் அன்றைக்கே டாக்டரிடம் காட்டினான். முந்தின நாள் கல்யாண வீட்டில் தூக்கமில்லாததும், அந்தக் களேபரத்தில் ராத்திரி மாத்திரைகளை விட்டதும்தான் காரணம் என்று தெரிந்தது. இரண்டு நாளில் சரியாகிவிட்டது. ஆனால் ஒன்று பார்த்தீர்களா? ஒரு மாசம் நெஞ்சுக்குள் மீன் துள்ளியும் வாய் திறக்காத அதே அம்மாதான் இன்று நாடி எண்ணிச் சொல்கிறாள். அந்தத் தெளிவு பூட்டி வைத்திருந்தால் வந்திருக்குமா?

இன்னொரு தடவை மணலில் சறுக்கி விழுந்து முழங்காலில் சிராய்ப்பு. சுத்தத் துணியை வைத்துக் கால் மணி நேரம் அழுத்திப் பிடித்த பிறகுதான் ரத்தம் நின்றது. அன்று தம்பி மறுபடி பூட்டை எடுத்தான். இந்த முறை நான் சும்மா இருக்கவில்லை. “டாக்டரைக் கேட்போம்டா, நாமா முடிவு பண்ண வேண்டாம்” என்றேன். தலையில் அடியில்லை என்று பார்த்துவிட்டு, பத்து நாள் பொறுத்து விடச் சொன்னார் டாக்டரம்மா. இப்போது மணல் ரோட்டைத் தவிர்த்துத் தார் ரோட்டில் மட்டும் போகிறாள். பின் டயரையும் புதிதாக மாற்றியாயிற்று.

ஏறியிருந்த நாலு கிலோவும் குறைந்து, மேற்கொண்டு இரண்டு கிலோவும் இறங்கிவிட்டது. பி.பி. கட்டுக்குள் இருக்கிறது. துடிப்பு முழுக்கச் சீராகிவிடவில்லை. சில சமயம் தப்பத்தான் செய்கிறது. மாத்திரை காலத்துக்கும் உண்டு. எனக்கும் பயம் முழுக்கப் போகவில்லை. காலை ஏழு மணிக்கு மேல் போன் அடித்தால் இன்னும் திக்கென்றுதான் இருக்கிறது. ஆனால் அந்தப் பயம் என்னுடையது. அதற்கு அம்மாவின் கால்களைக் கட்டிப் போடுவது நியாயமில்லை என்று இப்போது தெரிகிறது.

உங்கள் வீட்டிலும் அம்மா, மாமியார், அப்பா, மாமனார் என்று யாராவது இருப்பார்கள். இன்று சாயந்திரம் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்கள். தாளம் தப்பினால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். போனால், ‘என்ன செய்யக் கூடாது?’ என்பதோடு வந்துவிடாதீர்கள். ‘எதெல்லாம் செய்யலாம்?’ என்றும் கேட்டுவிட்டு வாருங்கள். அந்தக் கேள்வியை மூன்று மாசம் தாமதமாகக் கேட்டவள் நான்.

சாவியா? அது இப்போது அம்மாவின் முந்தானை முடிச்சில் இருக்கிறது.